ப்ளே சொல்வது யார்?

கேள்வி: அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பாலில் அடுத்த ப்ளே (ஒரு முறை பந்தை ஆடுவதற்கான திட்டம்) என்ன என்று முடிவு செய்வது தலைமைப் பயிற்சியாளரா, கோஆர்டினேட்டரா (தாக்குதலையோ தற்காப்பையோ கவனிக்கும் துணைப் பயிற்சியாளர்)?

பதில்: அணிக்கு அணி மாறும். டெக்சாஸில் தலைமைப் பயிற்சியாளர் ஸ்டீவ் சார்கீசியன் தாக்குதல் ப்ளேக்களைத் தானே சொல்லிவந்தார். அலபாமாவில் நிக் சேபன் தற்காப்பில் ஊறியவர், அதனால் தாக்குதலைக் கோஆர்டினேட்டர் லேன் கிஃபினிடம் விட்டார், ஆனால் கோபம் வந்தால் மைதான ஓரத்திலேயே கிஃபினுக்கு அர்ச்சனை நடக்கும் (டிவியில் பார்த்தவர்களுக்குத் தெரியும்). ஒஹாயோ ஸ்டேட்டில் ரயன் டே 2024 சீசனில் அந்தப் பொறுப்பைக் கோஆர்டினேட்டர் சிப் கெல்லியிடம் கொடுத்தார், தேசியப் பட்டமும் வந்தது. பொறுப்பை விட்டுக்கொடுப்பது தவறில்லை என்பேன். அப்புறம், நான்காவது டவுனில் (பந்தை முன்னேற்றக் கிடைக்கும் நான்கு வாய்ப்புகளில் கடைசியில்) பந்தை உதைத்து அனுப்புவதா, துணிந்து ஆடுவதா என்பதில் மட்டும் பெரும்பாலும் தலைமைப் பயிற்சியாளர் வைத்ததுதான் சட்டம்.