படம் பார்க்க டிவிடி, ப்ளூ ரே வாங்குவது மலிவா, ஓடிடி மலிவா?

கேட்டவர் கொழும்பில் பைபர் இணைப்போடு இருப்பவர் என்று நினைக்கிறேன். அப்படியென்றால் ஓடிடிதான் (நெட்பிளிக்ஸ் மாதிரி இணையத்தில் சந்தா கட்டிப் பார்ப்பது) மலிவு, இதற்கு மேல் வாசிக்கவே வேண்டாம். ஒரு ப்ளூ ரே டிஸ்க்கை வெளிநாட்டிலிருந்து தருவிக்கும் காசில் பல மாதச் சந்தா கட்டிவிடலாம். நான் இலங்கை மலையகத்தில் மஸ்கெலியாப் பக்கம் தேயிலைத் தோட்டத்துக்காரன். எங்கள் கணக்கு வேறு.

2004இல் எங்கள் லயத்துக்கே (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகள்) ஒரு விசிடி பிளேயர்தான், மாமா வீட்டில். டவுன் சிடி கடையில் ஒரு நாள் வாடகை 30 ரூபாய். ஒரு விசிடியில் 74 முதல் 80 நிமிடம்தான் அடங்கும் என்பதால் நம் படங்கள் இரண்டு டிஸ்க், நீண்ட படமென்றால் மூன்று. திருப்பிக் கொடுக்கும்போது கடைக்கார அண்ணன் ஒவ்வொன்றையும் டியூப் லைட்டுக்கு நேரே சாய்த்துப் பார்ப்பார். புதுக் கீறல் இருந்தால் தண்டம். ஒரு தடவை கிளைமாக்ஸில் படம் சதுரம் சதுரமாக உடைந்து நின்றுவிட்டது. மாமா டிஸ்க்கில் டூத்பேஸ்ட் தடவி, கட்டியிருந்த சாரத்தின் நுனியால் நடுவிலிருந்து விளிம்புக்குத் துடைத்துப் போட்டார். ஓடியது! அன்று 12 வீட்டுச் சனம் பார்த்தோம். வீட்டுக்கு மூன்று ரூபாய்கூட விழவில்லை.

கள்ளக் கொப்பிதானே என்று சண்டைக்கு வருபவர்களுக்கு: ஆமாம், கள்ளக் கொப்பிதான். ஒரிஜினல் எங்கள் டவுனில் எந்தக் கடையில் இருந்தது என்று சொல்லிவிட்டு வாருங்கள், பேசுவோம்.

இப்போது எச்டியில் பார்த்தால் மணிக்கு 3 ஜிபி வரை போகும் என்று நெட்பிளிக்ஸே சொல்கிறது. இரண்டரை மணி நேரப் படத்துக்கு 7.5 ஜிபி. சந்தா மலிவு என்பவர்கள் இந்த டேட்டா ரீலோட் காசைச் சேர்ப்பதே இல்லை. எங்கள் அம்மா பார்ப்பதோ அதே மூன்று பழைய படங்கள், திரும்பத் திரும்ப. டிவிடியில் பத்தாவது தடவைக்குக் காசில்லை. டவுன்லோட் செய்து வைக்கலாமே என்பீர்கள். அதற்கும் காலாவதி உண்டு, உரிமம் முடிந்தால் படமே காணாமல் போகும்.

அதனால் அம்மாவுக்கு ஒரு ஒரிஜினல் டிவிடி இந்தியாவிலிருந்து தருவித்தேன். டிஸ்க்கைவிடத் தபால் செலவு அதிகம். அதுவும் வீட்டுக்கு வரவில்லை. எங்கள் லயத்துக்குத் தனி விலாசம் கிடையாது, தபால் எல்லாம் தோட்ட ஆபீசுக்குத்தான் போகும். பார்சல் அங்கே அலுமாரியில் 19 நாள் கிடந்தது. டிவிடி போனால் போகட்டும். தங்கச்சியின் இன்டர்வியூ கடிதமும் அதே அலுமாரியில் கிடந்து, தேதி முடிந்து நாலு நாள் கழித்துத்தான் கைக்கு வந்தது. எங்கள் சனம் இந்தியாவிலிருந்து தோட்டங்களுக்கு வந்து 200 வருஷம் என்று 2023இல் ‘மலையகம் 200’ என ஊரெல்லாம் மேடை போட்டார்கள். 200 வருஷத்தில் ஒரு வீட்டு நம்பர் கொடுக்க முடியவில்லை.

சரி, நீங்கள் கேட்டது விலை. மாதம் நாலைந்து புதுப் படம் பார்ப்பவரென்றால் ஓடிடி எடுங்கள். பார்த்ததையே பார்க்கும் அம்மா வீட்டில் இருந்தால் டிவிடி. பிளேயரில் லென்ஸ் போனால் மாற்ற ஆள் கிடைப்பது இப்போது கஷ்டம், அந்தச் செலவையும் சேர்த்தே கணக்குப் போடுங்கள்.