இன்ஜினைப் பிரிக்க விடாதீர்கள், முதலில் பெட்ரோலைக் கொட்டுங்கள்

கேள்வி: காவேரிப்பாக்கம் பக்கம் ஏரியில் மீன் குத்தகை எடுத்திருக்கிறோம். புரோக்கர் மூலம் படகின் பின்னால் மாட்டும் பழைய 8 எச்.பி. அவுட்போர்டு மோட்டார் வாங்கினோம். நாலு மாதம் ஷெட்டில் கிடந்தது. இப்போது எத்தனை முறை கயிறு இழுத்தும் ஸ்டார்ட் ஆகவில்லை. புரோக்கர் அனுப்பிய மெக்கானிக் இன்ஜினைப் பிரித்து போர் போட (சிலிண்டரைக் கடைந்து சரிசெய்ய) வேண்டும் என்கிறார். செய்யலாமா?

பதில்: வேண்டாம். நாலு மாதம் சும்மா கிடந்த மோட்டாரில் கெட்டுப்போவது பெரும்பாலும் பெட்ரோல்தான், இன்ஜின் அல்ல. இப்போது பங்க்கில் வருவதில் 20 சதவீதம் வரை எத்தனால். அது காற்றின் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். கார்புரேட்டர் அடியிலுள்ள சின்ன ஸ்க்ரூவைத் தளர்த்தி, வருவதைக் கண்ணாடி கிளாஸில் பிடியுங்கள். அடியில் தனியாக ஒரு படலம் தங்கினாலோ, வார்னிஷ் வாடை அடித்தாலோ டேங்க்கில் உள்ளது அத்தனையும் வீண். கொட்டிவிட்டுப் புதிது ஊற்றுங்கள். டூ-ஸ்ட்ரோக் என்றால் கம்பெனி சொன்ன அளவில் ஆயில் கலக்க வேண்டும்; பல மோட்டார்களுக்கு லிட்டருக்கு 20 மி.லி.

அப்புறம் டேங்க் மூடியில் உள்ள காற்றுத் திருகைத் திறந்துவிடுங்கள். பெட்ரோல் குழாய் நடுவிலுள்ள ரப்பர் குண்டைக் கெட்டியாகும்வரை அமுக்குங்கள். கியர் நியூட்ரலில் இருக்கட்டும். ஓட்டுபவர் விழுந்தால் இன்ஜினை நிறுத்தும் சிவப்புச் சுருள் கயிற்றின் கிளிப் சுவிட்சில் மாட்டியிருக்கிறதா? பழைய மோட்டார் விற்பவர்கள் பலர் அதைத் தருவதே இல்லை. அது இல்லாமல் நாள் முழுக்க இழுத்தாலும் பொறி வராது. மோட்டாரின் கால், அதாவது விசிறி உள்ள அடிப்பகுதி, தண்ணீருக்குள் இருக்கட்டும். வெறுங்காற்றில் ஓடினால் தண்ணீர் பம்ப்பின் ரப்பர் கருகிவிடும்.

ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். நனைந்திருந்தால் துடைத்து மாட்டி, சோக் போடாமல் இழுங்கள். காய்ந்திருந்தால் பெட்ரோல் வரவில்லை, கார்புரேட்டரைச் சுத்தம் செய்ய வேண்டும்.

ஒன்றை மட்டும் விற்றவரிடம் கட்டாயம் கேளுங்கள்: இது மண்ணெண்ணெய் மோட்டாரா? கடலோரத்திலிருந்து வருவதில் அந்த வகை நிறைய உண்டு. பெட்ரோலில் கிளப்பி, சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். மண்ணெண்ணெயில் ஓடும்போதே நிறுத்திவிட்டால் கார்புரேட்டரில் அதுதான் தேங்கி நிற்கும். மறுநாள் குளிர்ந்த இன்ஜின் அதில் பிடிக்காது. பெட்ரோல் மோட்டார்க்காரர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. உங்களுடையது அந்த வகை என்றால், தேங்கியதை வடித்துவிட்டுப் பெட்ரோலில் கிளப்புங்கள். கரைக்கு வருமுன் குழாயைப் பெட்ரோல் பக்கம் திருப்பி, இரண்டு நிமிடம் ஓடவிட்டு நிறுத்துங்கள். இதைச் சொல்லாமல் விற்றவர், பிறகு ஆள் அனுப்பி இன்ஜினைப் பிரிக்கச் சொல்வதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

2021 நவம்பரில் பாலாறு கரைபுரண்டபோது படகின் அவசியத்தைப் பார்த்த நாம், படகு இன்ஜின் தெரிந்த ஒருவரைத் தேடி இன்னும் சென்னைக்கு ஓடுகிறோம் என்பது எனக்கு ஆறவே இல்லை. அந்த இடைவெளியில்தான் இந்தப் புரோக்கர்கள் பிழைக்கிறார்கள்.

பொறியும் நீலமாக வருகிறது, புதுப் பெட்ரோலும் இறங்குகிறது, அப்படியும் கிளம்பவில்லையா? கம்ப்ரெஷன் (சிலிண்டருக்குள் உள்ள அழுத்தம்) பார்க்கச் சொல்லுங்கள், ஆனால் வேறு மெக்கானிக்கிடம். அளவு காட்டும் மீட்டரை உங்கள் கண்முன் மாட்டிக் காட்டாதவரிடம் ஒரு போல்ட்டைக்கூடக் கழற்றக் கொடுக்காதீர்கள்.