12க்கு 12 அறையில் டவர் ஸ்பீக்கர் வேண்டுமா?

கேள்வி: யாழ்ப்பாணத்தில் புதிதாகக் கட்டிய வீடு. பாட்டுக் கேட்பதற்கென்று 12 அடிக்கு 12 அடி அறை ஒன்று இருக்கிறது. தரை டைல்ஸ், மேலே கொங்கிறீட். இப்போது வைத்திருப்பது 5 அங்குல வூஃபர் (தாழ்ந்த சுரங்களை ஒலிக்கும் கூம்பு) உள்ள சின்ன ஸ்பீக்கர் சோடி. டவர் ஸ்பீக்கருக்கு மாறலாமா? எங்கே வைக்க வேண்டும்?

தரையில் நிற்கும் அந்த உயரமான டவர் வேண்டாம். இருக்கிற சோடியை முதலில் சரியான இடத்தில் வைத்துக் கேளுங்கள்.

உங்கள் அறை சதுரம், அதுதான் சிக்கல். எதிரெதிர்ச் சுவர்களுக்கு நடுவே ஒலி போய்த் திரும்பும்போது குறிப்பிட்ட சில தாழ்ந்த சுரங்கள் மட்டும் பெருகி நிற்கும். நமது ஊர் வெக்கையில் ஒலியின் வேகம் நொடிக்குக் கிட்டத்தட்ட 350 மீட்டர். 12 அடி என்றால் 3.66 மீட்டர். அதன் இரு மடங்கால் 350ஐ வகுத்தால் 48 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 48 அதிர்வு, வரும். நீளமும் அகலமும் வேறுவேறாக இருந்தால் இந்தப் பெருக்கம் இரண்டு சுரங்களுக்குப் பிரிந்து போகும். சதுர அறையில் இரண்டும் அதே 48இல் வந்து விழுகின்றன. 5 அங்குல வூஃபர் அந்த ஆழத்துக்கு அவ்வளவாக இறங்காது, ஆகவே இப்போது உங்களுக்கு அது பெரிதாகத் தெரியாது. டவர் நேரே அங்கேதான் இறங்கும். அப்புறம் எந்தப் பாட்டைப் போட்டாலும் ஒரே "டும்" தான்.

சரி, இடம். இரண்டு ஸ்பீக்கரும் பக்கச் சுவர்களிலிருந்து ஒரே தூரத்தில் இருக்க வேண்டும். இது அழகுக்காகச் சொல்வது இல்லை. பெரும்பாலான பதிவுகளில் தாழ்ந்த சுரங்கள் இரு பக்கமும் ஒன்றாகவே வரும். சம தூரத்தில் வைத்தால் இடம் வலமாக எழும் அந்த 48 பெரும்பாலும் தானாகவே அடங்கிவிடும். மிஞ்சுவது முன் பின்னாக எழுவது. அதற்கு உங்கள் கதிரைதான் மருந்து. பின்சுவரோடு ஒட்டி உட்கார்ந்தால் அது உச்சத்தில் கேட்கும். அறையின் நட்டநடுவில் உட்கார்ந்தால் காணாமலே போகும். இரண்டுக்கும் இடையில், அறை நீளத்தில் 38 சதவீதம் என்று ஒலிக்காரர்கள் ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். உங்கள் அறைக்கு அது பின்சுவரிலிருந்து நாலரை அடி. அங்கே உங்கள் தலை இருக்கட்டும். ஸ்பீக்கரின் முன்முகம் முன்சுவரிலிருந்து இரண்டேகால் அடி, பக்கச் சுவரிலிருந்து 3 அடி, ஒன்றுக்கொன்று 6 அடி. இப்படி வைத்தால் உங்களுக்கும் ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் இடையிலும் 6 அடியே வரும். மூன்று பக்கமும் சமமான முக்கோணம்.

முன்சுவர் தூரத்தையும் பக்கச்சுவர் தூரத்தையும் வேண்டுமென்றேதான் வேறுவேறாகச் சொன்னேன். சுவரில் பட்டுத் திரும்பும் ஒலி ஒரு குறிப்பிட்ட சுரத்தில் நேர் ஒலியை அழிக்கும். இரண்டேகால் அடிக்கு அது 125 ஹெர்ட்ஸை ஒட்டி வரும், 3 அடிக்கு 96 அளவில். இரண்டு தூரமும் ஒன்றானால் இரண்டு பள்ளமும் ஒரே இடத்தில் விழுந்து, ஆண் குரலின் கனம் போய்விடும். ட்வீட்டர், அதாவது உச்சச் சுரங்களை ஒலிக்கும் சின்ன ஒலிப்பான், உங்கள் காது உயரத்தில் இருக்கும்படி ஸ்டாண்ட் செய்வியுங்கள். நல்ல தச்சர் ஒருவர் போதும். பாரமாக, ஆடாமல் நின்றால் சரி. மேசையிலோ அலுமாரித் தட்டிலோ வைக்க வேண்டாம்.

இனிச் சுவரும் தரையும். அறைக்குள் நின்று ஒருமுறை கை தட்டிப் பாருங்கள், "ட்ரீங்" என்று இழுபடும். பழைய ஓட்டு வீடுகளில் இது குறைவு. ஓட்டு இடுக்குகளால் ஒலி வெளியே போகும், சாய்ந்த கூரை மிச்சத்தைச் சிதறடிக்கும். கொங்கிறீட்டும் டைல்ஸும் எதையும் விடாது. 1895இல் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் ஒரு விரிவுரை மண்டபத்தின் எதிரொலியைச் சரிசெய்யச் சொன்னபோது அங்கிருந்த இயற்பியலாளர் வாலஸ் சபைன் பக்கத்து அரங்கின் இருக்கை மெத்தைகளைக் கொண்டு வந்து அடுக்கி அடுக்கி அளந்தார். ஒலி உறிஞ்சலுக்கு அவர் எடுத்த அளவுகோல் திறந்த யன்னல். திறந்த யன்னலில் போகும் ஒலி திரும்பாது. ஒரு சதுர மீட்டர் திறந்த யன்னல் செய்வதைப் பூசிய சீமெந்துச் சுவர் செய்ய முப்பது, நாற்பது சதுர மீட்டராவது வேண்டும். ஆகவே யன்னலைப் பூட்டி ஏசி போட்டுத்தான் கேட்க வேண்டும் என்று நினைக்காதீர்கள். வெளிச்சத்தம் குறைந்த நேரமென்றால் யன்னல்களைத் திறந்தே வையுங்கள், ஃபேனைக் குறைத்து விடுங்கள்.

அடுத்தது, ஸ்பீக்கருக்கும் கதிரைக்கும் இடையில் தரையில் தடித்த கம்பளம். பனையோலைப் பாய் அழகுதான், ஆனால் இந்த வேலைக்கு மெல்லியது. நீங்கள் கதிரையில் இருந்தபடி, பக்கச் சுவரில் ஒருவரைக் கண்ணாடி பிடித்து நகர்த்தச் சொல்லுங்கள். எந்த இடத்தில் ட்வீட்டர் கண்ணாடியில் தெரிகிறதோ அங்கே தடித்த திரைச்சீலையோ நிரம்பிய புத்தக அலுமாரியோ வரட்டும். முட்டை மட்டை ஒட்டுவது வீண் வேலை. அது உச்சச் சுரங்களை மட்டும் கொஞ்சம் தின்னும், 48க்கு எதுவுமே செய்யாது. மூலைகளில் பழைய இலவம்பஞ்சு மெத்தையையோ தும்பு மெத்தையையோ சுருட்டி நிறுத்தினால் அதைவிடப் பயன் அதிகம்.

சரியாக வைத்தோமா என்று பார்க்க ஸ்டீரியோவுக்கு முந்திய பழைய மோனோ பாட்டொன்றை, அதாவது இரு ஸ்பீக்கரிலும் ஒரே ஒலி வருவதை, போடுங்கள். குரல் இரண்டு ஸ்பீக்கருக்கும் நட்டநடுவே, ஒரே புள்ளியில் நிற்க வேண்டும். அகலமாகப் பரவினால் ஸ்பீக்கரை உங்கள் பக்கம் கொஞ்சம் திருப்புங்கள். பிறகு யாழ்ப்பாணம் தெட்சணாமூர்த்தியின் தவில். என்னைக் கேட்டால் நம்மவர்களுக்கு இதைவிட நல்ல சோதனை இல்லை. கோலால் அடிக்கிற தொப்பிப் பக்கத்து அடி ஒவ்வொன்றும் விழுந்து நிற்க வேண்டும், அடுத்த அடியோடு ஒட்டக் கூடாது. கூடு போட்ட விரல்கள் வலந்தலையில் ஓடும்போது ஒவ்வொரு சொல்லும் தனித்தனியாகக் கேட்க வேண்டும். ஒட்டினால் கதிரையை அரை அடி முன்னே நகர்த்திப் பாருங்கள். அந்த அரை அடி தரும் மாற்றத்தை வயரை மாற்றிப் பெற முடியாது.

இவ்வளவுக்குப் பிறகும் மாற்ற ஆசை இருந்தால் மாற்றலாம், அதில் தவறே இல்லை. இன்னொரு நல்ல சின்னச் சோடி, ஆறரை அங்குல வூஃபரோடு, வாங்குங்கள். வாட் கணக்கைப் பார்த்து மயங்க வேண்டாம். 86 டெசிபெல் உணர்திறன் (ஒரு வாட்டுக்கு ஒரு மீட்டர் தூரத்தில் கேட்கும் சத்தம்) உள்ள சாதாரண சோடியே 6 அடியில் ஒரு வாட்டுக்கு 80 டெசிபெலைத் தாண்டும். வாட்டை இரட்டித்தாலும் 3 டெசிபெல்தான் கூடும். கனடாவின் தேசிய ஆய்வு மன்றத்தில் ஒலி ஆய்வாளர் ஃபிலாய்ட் டூல் ஸ்பீக்கர்களைத் திரைக்குப் பின்னால் வைத்து, எது எதென்று சொல்லாமல் கேட்கவைத்தார். நேரே சமமாகவும் பக்கவாட்டில் சீராகவும் ஒலித்தவற்றையே பெரும்பாலானவர்கள் விரும்பினார்கள். விலையையும் பெட்டியின் அளவையும்விட நான் நம்புவது அதைத்தான்.

ரொறன்ரோவிலிருந்து சொந்தக்காரர் யாராவது அனுப்புவதாக இருந்தால், சாதாரண ஸ்பீக்கருக்கு யோசிக்கத் தேவையில்லை. அம்ப்ளிபயரோ, உள்ளே அம்ப்ளிபயர் உள்ள ஸ்பீக்கரோ என்றால் பின்பக்கம் 230 வோல்ட் எழுதியிருக்கிறதா என்று முதலில் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். அங்கே 120. பழையது வாங்கினால் வூஃபரைச் சுற்றியுள்ள விளிம்பைப் பாருங்கள். ஸ்பொஞ்ச் விளிம்பு நமது வெக்கையிலும் ஈரத்திலும் பொடிந்துபோகும், ரப்பர் விளிம்பு தாங்கும். உப்புக் காற்றில் வயர் நுனி கறுத்திருந்தால் வெட்டிப் புதிதாகச் சீவி மாட்டுங்கள்.

டவர் தருகிற ஆழம்தான் வேண்டும் என்றால் ஆழ்ந்த சுரங்களுக்கு மட்டுமான சப்வூஃபர் ஒன்றைத் தனியாகச் சேர்ப்பதே உங்கள் அறைக்குச் சரி. மூலையில் வைக்காதீர்கள், 48 முழுவதும் அங்கேதான் கிளம்பும். முன்சுவரின் நடுவில் வைத்து 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே மட்டும் விடுங்கள். பின்னொரு நாள் அதே மாதிரி இன்னொன்றைப் பின்சுவரின் நடுவில் வைத்தால் முன் பின்னாக எழுகிற 48உம் அடங்கும்.