வெள்ளை பூத்த விமானம்: மாதிரி உருக்கள் பற்றி வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: நிஜத்தில் 72-இல் ஒரு பங்கு (1/72) அளவிலான ஒரு போர் விமான மாதிரியை ஒட்டி, வண்ணமும் பூசி முடித்தேன். ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு ஜன்னலோரத்தில் வைத்து, ஸ்பிரே டப்பாவால் மேற்பூச்சு அடித்தேன். பத்தே நிமிடத்தில் கரும்பச்சை நிறம் முழுவதும் திருநீறு பூசியதுபோல் வெளுத்துவிட்டது. டப்பா பழையதாக இருக்குமோ?
– வாசகர், ஈசூன்

பதில்: டப்பாவைக் குறை சொல்வதற்கில்லை, நீங்கள் தேர்ந்தெடுத்த நேரம்தான் காரணம். சிங்கப்பூரில் காற்றின் ஈரப்பதம் விடியற்காலையில் 90 விழுக்காட்டைத் தாண்டி நிற்கும். மழையில்லாத நாளில் பிற்பகல் நடுவில்தான் அது ஏறத்தாழ 60 விழுக்காட்டுக்கு இறங்கும். டப்பாவில் உள்ள லாக்கர் பூச்சின் கரைப்பான் மிக விரைவாக ஆவியாகும்போது, அது படிந்த பரப்பின் வெப்பத்தையும் எடுத்துக்கொண்டு போய்விடுகிறது. கோப்பிக் கடையில் 'தே ஓ பெங்' (பால் சேர்க்காத ஐஸ் தேநீர்) குவளையின் வெளிப்புறம் வியர்ப்பதைப்போல, குளிர்ந்த அந்தப் பரப்பில் காற்றின் ஈரம் நுண்ணிய துளிகளாகப் படிகிறது. பூச்சு இறுகும்போது அத்துளிகள் உள்ளேயே சிக்கி, ஒளியைச் சிதறடிப்பதால் நமக்கு வெண்படலமாகத் தெரிகிறது.

விமானத்தைத் தூக்கி எறிய வேண்டாம். வெயில் அடிக்கும் ஒரு பிற்பகலில், இரண்டு மணிக்கும் நான்கு மணிக்கும் இடையில், அதே வகை லாக்கரின் பளபளப்பான தெளிபூச்சை மெல்லிய படலமாக அடித்தால், முந்தைய படலம் சற்று இளகி, சிக்கிய ஈரம் வெளியேற வழி கிடைக்கும். பெரும்பாலும் வெண்மை மறைந்துவிடும். அது நன்றாகக் காய்ந்த பிறகு, பளபளப்பற்ற மேற்பூச்சை மீண்டும் அடித்துக்கொள்ளலாம். அப்போது டப்பாவை ஒரு நிமிடத்துக்குக் குறையாமல் குலுக்குங்கள்; பளபளப்பைக் குறைக்கும் பொடி அடியில் தங்கிவிடுவதும், ஒரே தடவையில் கனமாக அடித்துவிடுவதும்கூட வெளுப்புக்குக் காரணமாகும். உருவிலிருந்து 15 முதல் 20 சென்டிமீட்டர் தள்ளிப் பிடித்து, உருவுக்கு வெளியே அழுத்தத் தொடங்கி, அதைக் கடந்து போன பிறகே விரலை எடுக்க வேண்டும். டப்பாவை வெதுவெதுப்பான நீரில் சில நிமிடம் வைத்தால் பூச்சு சீராக வரும். 50 டிகிரிக்கு மேல் சூடுபடக் கூடாது என்று டப்பாவிலேயே அச்சிட்டிருப்பார்கள் என்பதால் கொதிநீர்ப் பக்கமே போகக் கூடாது.

ஈரப்பதமானி வாங்க மனமில்லாதவர்களுக்கு என் கைப்பழக்கம் ஒன்றைச் சொல்கிறேன்: பொரித்த அப்பளம் ஒன்றை மேசையில் வைப்பேன். கால் மணி நேரத்தில் அது நமத்துப் போனால் அன்று ஸ்பிரே கிடையாது. டிசம்பர் மழைக்காலத்தில் இந்தச் சோதனையைச் செய்யாமல் அவசரப்பட்டு, ஒரு பீரங்கி வண்டியையே பாழாக்கியிருக்கிறேன்.

கேள்வி: பெட்டியைப் பிரித்ததும் பாகங்களைச் சவர்க்காரம் போட்டுக் கழுவ வேண்டுமா?
– வாசகி, செங்காங்

பதில்: கழுவுவது நல்லது. பிளாஸ்டிக் அச்சிலிருந்து எளிதாகக் கழன்று வருவதற்காகச் சில தொழிற்சாலைகளில் தடவும் எண்ணெய்ப்பசை பாகங்களில் ஒட்டியிருந்தால், அவ்விடத்தில் வண்ணம் பிடிக்காது. பாகங்கள் ஒட்டியபடி வரும் பிளாஸ்டிக் சட்டத்திலிருந்து அவற்றை வெட்டும் முன்பே, பாத்திரம் கழுவும் திரவம் கலந்த வெதுவெதுப்பான நீரில் முழுச் சட்டத்தையும் பழைய பல்துலக்கியால் தேய்த்து, அலசிக் காயவிடுங்கள். கழுவுதொட்டியின் துளைமேல் ஒரு வடிகட்டியைக் கவிழ்த்து வையுங்கள். தானாகக் கழன்று விழும் பாகம் எப்போதும் மிகச் சிறியதாகத்தான் இருக்கும்.

கேள்வி: சூப்பர் குளூவால்தான் ஒட்டுகிறேன். இணைப்புக்கோடு எப்படித் தேய்த்தாலும் மறைவதில்லை. விமானியின் கண்ணாடிக்கூண்டும் புகைபிடித்ததுபோல் மங்கிவிட்டது.
– வாசகர், ஜூரோங்

பதில்: இரண்டுக்கும் பசைதான் காரணம். சூப்பர் குளூ ரெசினுக்கும் உலோகத்துக்கும் ஏற்றது. பாலிஸ்டைரீன் பிளாஸ்டிக்குக்கு, மூடியிலேயே சிறு தூரிகை பொருத்திய நீர்த்த மாடல் சிமெண்ட்டை வாங்குங்கள். அது இரு பாகங்களின் விளிம்புகளையும் கரைத்து ஒன்றாக்கிவிடுகிறது. ஏறக்குறைய பற்றவைப்பு என்றே சொல்லலாம். பாகங்களை முதலில் சேர்த்துப் பிடித்துக்கொண்டு, இணைப்புக்கோட்டில் ஓரிடத்தில் தூரிகை நுனியால் தொட்டாலே போதும். நுண்குழாயில் நீர் ஏறுவதுபோல் சிமெண்ட் தானாகக் கோடு முழுவதும் ஓடும். அப்போது விரல் கோட்டின்மேல் இருந்தால் சிமெண்ட் விரலுக்கடியில் பாய்ந்து, உங்கள் ரேகையை இறக்கையில் நிரந்தரமாகப் பதித்துவிடும். சில நொடிகள் கழித்து இலேசாக அழுத்தினால், கரைந்த பிளாஸ்டிக் மெல்லிய நூல்போலப் பிதுங்கி நிற்கும். அதைத் துடைக்காதீர்கள். ஒரு நாள் முழுவதும் இறுக விட்டு, பிறகு கத்தியால் சீவி, 400, 600, 1000 என்ற எண் வரிசையில் (எண் கூடக் கூட நைசாகும்) உப்புத்தாளை நீரில் நனைத்துத் தேய்த்தால் கோடு இருந்த இடமே தெரியாது.

கூண்டை மங்கச் செய்தது சூப்பர் குளூ இறுகும்போது எழும் ஆவி. ஒளி ஊடுருவும் பாகங்களுக்கு, பள்ளிப் பிள்ளைகள் பயன்படுத்தும் வெள்ளைப் பசையே போதும். காய்ந்ததும் நிறமற்றுப் போய்விடும்.

கேள்வி: ஒட்டாமலே பொருத்தும் ரோபோ உருவின் பள்ளக் கோடுகள் எடுப்பாகத் தெரிய அவற்றில் எனாமல் மை ஓடவிட்டேன். மறுநாள் முழங்கால் மூட்டு இரண்டாகப் பிளந்து கிடந்தது.
– உயர்நிலை மாணவர், புக்கிட் பாத்தோக்

பதில்: சட்டத்தின் ஓரத்தில் அச்சிட்டிருக்கும் எழுத்துகளைப் பாருங்கள். பிஎஸ் என்றால் பாலிஸ்டைரீன். பிஇ என்றால் பாலிஎதிலீன், அதில் மாடல் சிமெண்ட் பிடிக்காது. ஏபிஎஸ் என்றால் பெரும்பாலும் மூட்டுப் பாகம். இறுக்கமாகப் பொருத்திய மூட்டு ஏற்கனவே உள்ளழுத்தத்தில் இருக்கிறது. மையில் உள்ள கரைப்பானான எனாமல் தின்னர் அதன் இடுக்கில் புகுந்து தேங்கும்போது, ஏபிஎஸ் அந்த அழுத்தத்தாலேயே விரிசல் விடுகிறது. இனி உருவைக் கழற்றி, பாகங்களுக்குத் தெளிபூச்சு அடித்துக் காயவைத்த பிறகு, மையைத் தூரிகை நுனியால் மிகச் சிறிதளவே விடுங்கள். மூட்டுகளுக்கு நீரில் கரையும் அக்ரிலிக் மையே பாதுகாப்பானது.

கேள்வி: என் மகன் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டுக்கு வெளியே பொது நடைவழியில் ஸ்பிரே அடிக்கிறான். பக்கத்து வீட்டு அம்மா முகம் சுளிக்கிறார். சமையலறைக்கு மாற்றச் சொல்லலாமா?
– ஒரு தாய், தெம்பனிஸ்

பதில்: சமையலறை வேண்டவே வேண்டாம் அம்மா; டப்பாவிலிருந்து வரும் வாயு எளிதில் தீப்பற்றும், அடுப்போ பக்கத்திலேயே இருக்கிறது. நடைவழியும் சரிப்படாது, ஏனென்றால் காற்றில் மிதக்கும் வண்ணத்தூள் அடுத்த வீட்டுச் செருப்பிலும் காயப்போட்ட துணியிலும்தான் போய்ப் படியும். என்95 கவசம் தூளைத்தான் தடுக்கும், கரைப்பானின் ஆவியைத் தடுக்காது. அதற்குக் கரிம ஆவியை உறிஞ்சும் வடிப்பான் பொருத்திய முகக்கவசமே வேண்டும்.

என் ஆலோசனை, சில மாதங்களுக்கு உங்கள் மகன் ஸ்பிரேயை விட்டுவிட்டுத் தூரிகைக்கு மாறட்டும். நீரில் கரையும் அக்ரிலிக் வண்ணத்தில் வாடை குறைவு. தட்டையான, மூடியுள்ள ஓர் உணவுப் பெட்டியில் நனைத்த டிஷ்யூவைப் பரப்பி, அதன்மேல் கேக் சுடப் பயன்படும் தாளை வைத்து, வண்ணத்தை அத்தாளில் கலக்கச் சொல்லுங்கள். குளிரூட்டி ஓடும் அறையிலும் வண்ணம் சீக்கிரம் உலராது. பசும்பால் பதத்துக்கு நீர்த்து, முதல் பூச்சில் அடிநிறம் திட்டுத்திட்டாகத் தெரிந்தால் கவலைப்படாமல், காயவைத்து இரண்டாவதும் மூன்றாவதும் பூச வேண்டும். அரைகுறையாகக் காய்ந்த இடத்தில் மறுபடி தூரிகையை இழுத்தால் படலம் உரிந்து வரும். சிறு பாகங்களைச் சாத்தே (இறைச்சித் துண்டுகளைக் கோத்துச் சுடும்) குச்சி நுனியில் கிளிப்பால் பிடித்து, அரிசி நிரப்பிய குவளையில் குத்தி வைத்தால், வண்ணம் காயும்வரை கை படாது.