லெக்ஸ் வேறு, யூஸ் வேறு

கே: ‘லெக்ஸ்’ என்ற லத்தீன் சொல்லுக்குக் ‘கட்டுவது’ என்று பொருள் என எங்கள் ஆசிரியர் சொன்னார். சரிதானா?

ப: பெரிய மனிதர் ஒருவர் சொன்னதைத்தான் அவர் சொல்லியிருக்கிறார். 13ஆம் நூற்றாண்டில் கிறித்தவ இறையியலாளர் தாமஸ் அக்குவினாஸ், கட்டுதலைக் குறிக்கும் ‘லிகாரே’ என்ற வினையோடு லெக்ஸை இணைத்தார். சட்டம் மனிதரைக் கட்டுப்படுத்துகிறது அல்லவா? கருத்து அழகாக இருக்கிறது. ஆனால் சொல்லின் ஒலி அதற்கு இடம் தரவில்லை. இன்றைய அறிஞர் பலர் ‘லெகெரே’ என்ற வினையின் வேரையே காட்டுகிறார்கள். திரட்டு, தேர்ந்தெடு, வாசி ஆகிய மூன்று பொருளும் அந்த வினைக்கு உண்டு. ரோமச் சொற்பொழிவாளர் சிசரோ ‘தேர்ந்தெடு’ என்பதைப் பிடித்துக்கொண்டார்: நியாயமானதைத் தேர்வதே சட்டம். 7ஆம் நூற்றாண்டில் செவில் நகர ஆயர் இசிதோர், எழுதி வாசிக்கப்படுவதால் லெக்ஸ் என்றார். அவரவர் சட்டத்தில் எதை மதித்தார்களோ அதையே வேரிலும் கண்டார்கள்.

ரோமர் பேச்சில் இந்தச் சொல் மக்கள் அவை நிறைவேற்றிய சட்டத்தை மட்டும் குறிக்கவில்லை. விற்பனை ஒப்பந்தத்தில் எழுதும் நிபந்தனையும் லெக்ஸ்தான். முறைப்படி உரைத்து, உரைத்தவரையும் ஏற்றவரையும் பிணைக்கும் சொற்கள் என்று புரிந்துகொள்ளுங்கள்.

கே: ஆங்கில ‘லா’ லெக்ஸிலிருந்து வந்ததுதானே?

ப: இல்லை. அது வடக்கே வைக்கிங்குகளின் மொழியிலிருந்து வந்தது. ‘இட்டு வைக்கப்பட்டது’ என்பது அதன் அடிப்படைப் பொருள். ‘லீகல்’, ‘லாயல்’ இரண்டும்தான் லெக்ஸின் பிள்ளைகள். இரண்டாவது பிரெஞ்சு வழியாக வந்தது.

கே: லெக்ஸ், ஜஸ் இரண்டையும் ‘சட்டம்’ என்றே மொழிபெயர்க்கிறார்கள். வேறுபாடு உண்டா?

ப: உண்டு. இதை மழுப்பும் மொழிபெயர்ப்புகளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வருத்தமாக இருக்கிறது. நாம் ‘ஜஸ்’ என்று எழுதுவதை ரோமர் ‘யூஸ்’ என்றார்கள். லெக்ஸ் என்பது ஒருவர் முன்மொழிந்து, ஓர் அவை ஏற்று, ஒரு நாளில் பிறப்பது. யூஸ் அப்படிப் பிறப்பதில்லை. அது நெறி, நியாயம், ஒருவருக்குரிய உரிமை, நீதி வழங்கும் இடம் எல்லாவற்றையும் அணைத்துக்கொள்ளும் சொல். ‘நல்லதற்கும் சமமானதற்கும் உரிய கலை’ என்று அதற்கு இலக்கணம் சொன்னார் ரோமச் சட்ட அறிஞர் செல்சஸ். ‘யூதெக்ஸ்’ என்றால் யூஸை உரைப்பவர், அதாவது நீதிபதி. பிரெஞ்சுக்காரர்கள் இன்றும் ‘லுவா’, ‘த்ருவா’ என்று இரண்டு சொற்களைத் தனித்தனியே வைத்திருக்கிறார்கள்.

நமக்கு நெருக்கமான ஓர் எடுத்துக்காட்டு சொல்கிறேன். 1948இல் இலங்கை நாடாளுமன்றம் குடியுரிமைச் சட்டம் கொண்டுவந்தது. பிறந்த மண்ணைப் பாராமல் தந்தைவழியைக் கேட்ட சட்டம் அது. தேயிலைத் தோட்டங்களிலேயே பிறந்து வளர்ந்த மலையகத் தமிழர் பல லட்சம் பேர் நாடற்றவர் ஆனார்கள். 1953இல், அன்று இலங்கைக்கு இறுதி மேல்முறையீட்டு மன்றமாக இருந்த லண்டன் பிரிவி கவுன்சிலும் அது செல்லும் என்றது. லெக்ஸ் என்ற அளவில் அதில் ஓட்டை இல்லை. யூஸ் அதில் எங்கே இருக்கிறது? இந்தக் கேள்வியைக் கேட்க நமக்கு இரண்டு சொற்கள் வேண்டும். அதனால்தான் லெக்ஸுக்குச் ‘சட்டம்’, யூஸுக்கு இடத்தைப் பொறுத்து ‘நெறி’ அல்லது ‘உரிமை’ என்று எழுதுங்கள் என மாணவர்களிடம் வற்புறுத்துகிறேன்.

கே: யூஸுக்கும் நாம் குடிக்கும் ‘ஜூஸ்’ என்ற சொல்லுக்கும் உறவு உண்டா?

ப: எழுத்து ஒன்று, சொல் வேறு. லத்தீனில் குழம்பு, சாறு இவற்றுக்கும் ‘யூஸ்’தான் பெயர், வடமொழி ‘யூஷ’ அதன் உறவு. ஜூஸ் அந்தக் குழம்பிலிருந்து வந்தது. சிசிலியைச் சூறையாடிய ஆளுநர் வெர்ரெஸின் பெயருக்கு ‘ஆண்பன்றி’ என்றும் பொருள். அவன் நீதி வழங்கிய அழகைப் ‘பன்றிக் குழம்பு’ என்று மக்கள் சிலேடையில் திட்டியதைச் சிசரோ பதிவு செய்திருக்கிறார்.

கே: கொழும்பு வழக்கொன்றில் ‘அக்குவிலிய வழக்கு’ என்று படித்தேன். அது என்ன?

ப: ‘லெக்ஸ் அக்குவிலியா’ என்ற ரோமச் சட்டத்திலிருந்து வந்த பெயர் அது. அதை முன்மொழிந்தவரின் குலப்பெயர் அக்குவிலியஸ். லெக்ஸ் பெண்பால் சொல் என்பதால் ‘அக்குவிலியா’ ஆயிற்று. கி.மு. 3ஆம் நூற்றாண்டில், பிறர் அடிமையையோ கால்நடையையோ கொன்றவன் அந்த ஆண்டில் அதற்கிருந்த உச்ச விலையைத் தர வேண்டும் என்று தொடங்கியது. டச்சுக்காரர்களோடு ரோமன்-டச்சுச் சட்டமாகக் கடல் கடந்து இலங்கைக்கு வந்தது. கவனக்குறைவால் பிறருக்குப் பொருளிழப்பு ஏற்படுத்தியவரிடம் இழப்பீடு கேட்கும் வழக்கு அங்கே இன்றும் அந்தப் பெயரில்தான் நடக்கிறது.