வீராணம் கரையில் மார்கழி நடை: கேட்டவர்களுக்குப் பதில்கள்

மார்கழி பிறந்ததும் வீராணம் ஏரிக்கரையில் காலை நடை போவது பற்றிக் கேட்க ஆரம்பித்துவிடுவீர்கள். நான் காட்டுமன்னார்கோவில் பக்கத்துக்காரன், கரை பழகிய கால். தெரிந்ததைச் சொல்கிறேன்.

அண்ணா, ஏரியை முழுதாக ஒரு சுற்று நடக்கலாமா? (கும்பகோணம் நண்பர்)

வேண்டாம் தம்பி. கிழக்குக் கரை மட்டுமே சுமார் 16 கி.மீ. மேற்கே செங்கால் ஓடையும் கருவாட்டு ஓடையும் வந்து சேரும் பக்கம், மழை முடிந்த கையோடு சேறும் சகதியுமாகக் கிடக்கும். கிழக்குக் கரையில் நாலைந்து கி.மீ. நடந்தால் போதும்.

ஆனால் எந்தத் திசையில் நடக்கிறோம் என்பது முக்கியம். கரைமேல்தான் சேத்தியாத்தோப்பு சாலை போகிறது. எதிரே வரும் வண்டி கண்ணுக்குத் தெரிய வேண்டுமானால் சாலையின் வலது ஓரம் நடக்க வேண்டும். சேத்தியாத்தோப்பிலிருந்து தெற்கே லால்பேட்டை நோக்கி நடந்தால் அந்த வலது ஓரமே ஏரி ஓரமாகவும் அமைந்துவிடும். எதிர்த்திசையில் போனால் ஏரியைப் பார்க்க ஒவ்வொரு முறையும் சாலையைக் கடக்க வேண்டும். கரும்பு ஏற்றிய டிராக்டர்கள் பின்விளக்கு இல்லாமல் பனிக்குள் போகும் காலம் இது. வெளிர் நிறச் சட்டை, கையில் ஒரு டார்ச். கறுப்பு ஸ்வெட்டர் வேண்டவே வேண்டாம்.

கேமராவோடு வருகிறேன். எத்தனை மணிக்கு, எங்கே நிற்பது? (சென்னை வாசகி)

டிசம்பர் கடைசியில் சூரியன் கிட்டத்தட்ட ஆறரைக்கு எழும். தண்ணீருக்கு மேல் சூரிய உதயம் எடுக்கலாம் என்று வருகிறவர்கள் கிழக்குக் கரையில் ஏமாந்துபோவார்கள். இங்கே நிலம் கிழக்கே கடலை நோக்கிச் சரிகிறது. அதனால்தான் சோழர்கள் கிழக்கே கரை போட்டார்கள், பாசன வயலும் கிழக்கேதான். ஏரி மேற்கே. ஆக, சூரியன் உங்கள் முதுகுக்குப் பின்னால், சம்பா வயலுக்கு மேலே எழும்.

பறவை பார்க்க இதைவிட நல்ல அமைப்பு கிடையாது. வெளிச்சம் முழுக்கப் பறவையின் மேல் விழும். நாமக்கோழியின் வெள்ளை நெற்றி பளிச்சென்று தெரியும், தாழைக்கோழியின் சிவப்பு மூக்கும் அப்படியே. நத்தைகுத்தி நாரையின் அலகு நடுவில் மூடாமல் இடைவெளி விட்டிருப்பதைக்கூடப் பார்க்கலாம். தகைவிலான்கள் கம்பியில் வரிசையாக உட்கார்ந்திருக்கும். ஏழு முதல் எட்டரை வரை நல்ல நேரம். உதயம்தான் வேண்டும் என்றால் ஏரிக்கு முதுகைக் காட்டி வயலை எடுங்கள். எனக்கு அதுவே பிடிக்கும்.

போன தடவை ஏரி கொதிப்பதுபோல் புகைந்தது, மறுநாள் ஒன்றுமே இல்லை. ஏன்?

மேகமும் காற்றும் இல்லாத இரவில் தரை சீக்கிரம் குளிர்ந்துவிடும், தண்ணீர் அவ்வளவு வேகமாகக் குளிராது. குளிர்ந்த காற்று வெதுவெதுப்பான நீர்மேல் நகரும்போது, எழும் ஆவி அங்கேயே குளிர்ந்து புகையாகிறது. வானம் மூடியிருந்தாலோ காற்று அடித்தாலோ அது வராது. முந்தின இரவு வெளியே வந்து பாருங்கள். நட்சத்திரம் தெளிவாக இருந்து, மர இலை ஆடாமல் இருந்தால் அலாரம் வைக்கலாம்.

47.5 அடி என்கிறார்களே, அவ்வளவு ஆழமா? குழந்தைகளைக் கூட்டி வரலாமா?

அது கடல் மட்டத்திலிருந்து கணக்கிடும் நீர்மட்டம், ஆழம் அல்ல. முழுக் கொள்ளளவு 1,465 மில்லியன் கன அடி. இவ்வளவு பரந்த ஏரிக்கு அது பெரிய ஆழம் தராது. அதற்காகக் குழந்தைகளை இறக்கிவிடாதீர்கள். கரைச் சரிவின் கற்களில் பாசி வழுக்கும். மதகு அருகே தண்ணீர் உள்ளே இழுக்கும், மேலே பார்த்தால் தெரியாது.

நல்ல மழை பெய்தும் ஏரி ஏன் முழுக்க நிரம்பவில்லை? தண்ணீரைச் சென்னைக்குக் கொண்டுபோய்விட்டார்களா?

சென்னைக்கு 2004 முதல் குழாயில் தண்ணீர் போவது உண்மைதான். ஆனால் மழைக்காலத்தில் மட்டம் குறைவாக இருப்பதற்கு அது காரணம் இல்லை. கீழணையிலிருந்து வடவாறு வழியாக வரும் தண்ணீரை நிறுத்திக்கொள்ளலாம். அரியலூர்ப் பக்கம் கொட்டும் மழை ஓடைகளில் திடுதிப்பென்று வரும், அதை யார் நிறுத்துவது? அதற்கு இடம் வைத்துத்தான் மட்டத்தைக் குறைத்து வைக்கிறார்கள். இல்லாவிட்டால் பத்தாம் நூற்றாண்டில் பராந்தக சோழன் காலத்தில் கட்டிய கரைக்குத்தான் ஆபத்து. மழை ஓய்ந்தபின் ஏற்றுவார்கள். தைப் பொங்கலை ஒட்டி வாருங்கள்.

அப்பாவுக்கு எழுபது வயது, லேசாக இழுப்பு உண்டு. அழைத்து வரலாமா?

விடியலில் வேண்டாம். குளிர்காற்று மூச்சுக்குழாயைச் சுருக்கும். முதலில் மருத்துவரைக் கேளுங்கள். அவர் சரி என்றால் வெயில் ஏறியபின், எட்டு மணிக்கு மேல், மூக்கை மூடித் துண்டு கட்டி மெதுவாக நடக்கட்டும். இன்ஹேலர் அவர் சட்டைப் பையிலேயே இருக்கட்டும், காரில் வைத்துவிட்டு வராதீர்கள்.

நடந்தபின் திரும்புவது எப்படி சார்?

வந்த வழியே நடக்க வேண்டியதில்லை. கரைச் சாலையிலேயே பேருந்து போகும், கைகாட்டி ஏறிக்கொள்ளலாம். சில்லறை வைத்துக்கொள்ளுங்கள்.