சிஸ்டர் பதில்கள்: பெண்ணின் கிட்னி ஆணுக்குத் தாங்காதா?

(வேலூரில் 31 வருடம் ஐ.சி.யு. நர்ஸாக இருந்து ஓய்வுபெற்றவர் பதில் சொல்கிறார்)

கேள்வி: சிஸ்டருக்கு வணக்கம். என் மச்சானுக்கு வாரம் 3 முறை டயாலிசிஸ். மூளைச்சாவு அடைந்தவர்களின் கிட்னிக்காக அரசுப் பட்டியலில் பதிந்து காத்திருக்கிறோம். டயாலிசிஸ் வராந்தாவில் ஒருவர், "பொம்பளை கிட்னி வந்தா வேணாம்னு சொல்லிடுங்க, மூளைச்சாவுல அதுதான் ஜாஸ்தி கெட்டுப்போகும்" என்றாராம். மச்சான் அதையே பிடித்துக்கொண்டு இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை. உண்மையா?
— வாசகர், குடியாத்தம்

பதில்: மெஷினுக்குக் காத்திருக்கிற நேரத்தில் அந்த வராந்தாக்களில் பேசாத வைத்தியம் கிடையாது தம்பி. ஆனால் இவர் சொன்னதில் ஒரு கைப்பிடி உண்மை இருக்கிறது. அதனால்தான் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

மூளைச்சாவு ஆனவர் அமைதியாகத் தூங்குவதுபோல இருக்கும். உள்ளே அப்படியில்லை. மூளை வீங்கி நெரிபடும்போது அட்ரினலின் கொட்டுகிறது. ரத்தக்குழாய்கள் இறுகி பி.பி. எகிறும், அப்புறம் மடமடவென்று சரியும். கிட்னிக்குப் பாயும் ரத்தம் குறையும். வெள்ளணுக்கள் அதன் நுண்ணிய ரத்தக்குழாய்களில் ஒட்டி அழற்சியைக் கிளப்பும்.

ஆம்பூர் பக்கம் நெடுஞ்சாலையில் அடிபட்டு வந்த ஒரு பெண் நினைவுக்கு வருகிறாள். மூளைச்சாவை உறுதிசெய்யும் முதல் சோதனைக்கும் இரண்டாவது சோதனைக்கும் நடுவே 6 மணி நேரம் விடவேண்டும் என்பது விதி. அன்று இரவு ட்யூட்டி எனக்கு. அவள் அம்மா பாதத்தைப் பிடித்துக்கொண்டு, "கால் சூடாத்தானே இருக்கு சிஸ்டர்" என்று திரும்பத் திரும்பக் கேட்டார். நான் யூரின் பையையே பார்த்துக்கொண்டிருந்தேன். மணிக்கு 60, 70 மில்லி வந்துகொண்டிருந்தது திடீரென்று 500 ஆனது. பச்சைத்தண்ணீர் மாதிரி, நிறமே இல்லை. சிறுநீரைக் கட்டுப்படுத்தும் வாசோபிரெசின் என்ற ஹார்மோன் நின்றுபோனதன் அடையாளம் அது. உடனே மருந்து ஏற்றி, போகிற அளவுக்கு டிரிப்ஸ் கொடுத்துக்கொண்டே இருக்கவேண்டும். ஒரு மணி நேரம் அசந்தால் கிட்னி காய்ந்துபோகும்.

சரி, ஆண் பெண் விஷயத்துக்கு வருகிறேன். ரத்த ஓட்டம் நின்று திரும்பும்போது ஏற்படும் காயத்தைப் பெண் எலிகளின் கிட்னி ஆண் எலிகளைவிட நன்றாகத் தாங்கும். ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன்தான் அங்கே காவல். மூளை செத்ததும் கருப்பைக்குப் பக்கத்தில் இருக்கும் சினைப்பைகளுக்குப் போகும் கட்டளையும் நின்றுவிடுகிறது. சில மணி நேரத்திலேயே அந்த ஹார்மோன் இறங்குவதை எலிகளில் பார்த்திருக்கிறார்கள். பிரேசிலின் சாவ் பாலோவில் நடந்த ஆய்வுகளில், மூளைச்சாவு ஆன பெண் எலிகளின் நுரையீரல் அழற்சி ஆண் எலிகளைவிட அதிகம். ஈஸ்ட்ரோஜனில் ஒரு வகையான எஸ்ட்ராடயால் கொடுத்தால் அது தணிந்தது. ஆக, பெண்ணுக்கு இருந்த காவல் தேவைப்படும் நேரத்தில் கழன்றுவிடுகிறது. வராந்தாக்காரர் காதில் விழுந்தது இதன் ஏதோ ஒரு துணுக்காக இருக்கலாம். ஆனால் இவை எலிகளில் பார்த்தவை. மூளைச்சாவில் ஆண் கிட்னிக்கும் அடி உண்டு.

மனிதர்களில், பெண்ணின் கிட்னி ஆணுக்குப் போனால் சராசரியாகக் கொஞ்சம் குறைவாக உழைக்கிறது என்று பெரிய கணக்கெடுப்புகளில் தெரிந்திருக்கிறது. அதற்கு முக்கியமாகச் சொல்லப்படும் காரணம் அளவு. சின்ன உடம்பின் கிட்னியில் வடிகட்டிகள் குறைவாக இருக்கும்; 85 கிலோ ஆளைச் சுமக்க அது கூடுதலாக உழைக்கவேண்டும். மறுபக்கமும் உண்டு: ஆண் கிட்னி பெண்ணுக்குப் போகும்போது அவள் உடம்பு ஆணுக்குரிய புரதத்தை அந்நியமாகப் பார்த்து எதிர்க்கலாம்.

அமெரிக்காவில் கொடையாளர் கிட்னியை மதிப்பிட ஓர் அளவுகோல் வைத்திருக்கிறார்கள். வயது, உயரம், எடை, பி.பி., சர்க்கரை, கிரியாட்டினின் (கிட்னி எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் ரத்த அளவு), இறந்த காரணம் எல்லாம் அதில் உண்டு. ஆணா பெண்ணா என்ற கட்டமே இல்லை. உங்கள் மச்சான் கேட்கவேண்டிய கேள்வியும் அதுதான்: கொடுத்தவருக்கு என்ன வயது, கிரியாட்டினின் எவ்வளவு, கிட்னி ஐஸில் எத்தனை மணி நேரம் இருந்தது? கிரியாட்டினின் ஏறிய கிட்னிகூடப் பல நேரம் பொருத்திய பிறகு தேறிவிடுகிறது. முதல் வாரம் இரண்டு மூன்று டயாலிசிஸ் தேவைப்படலாம், அவ்வளவுதான். ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தால், அங்கிருக்கும் டாக்டர் சரி என்று சொன்னால், வண்டி ஏறச் சொல்லுங்கள்.

இன்னொன்றும் மனதில் உறுத்துகிறது. நம் நாட்டில் முதன்முதலாக வெற்றிகரமாகக் கிட்னி பொருத்தியது 1971இல் நம் வேலூர் சி.எம்.சி.யில்தான். நம் நாட்டில் உயிரோடு இருக்கும்போது கிட்னி கொடுக்கிறவர்களில் பெரும்பாலோர் பெண்கள்தான்: அம்மா, மனைவி, அக்கா. அப்போதெல்லாம் "பொம்பளை கிட்னி ஆகாது" என்று எந்த வராந்தாவிலும் யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

கேள்வி: என் கணவருக்கு ஒரு பெண்ணின் கிட்னி பொருத்தி 2 மாதம் ஆகிறது. முகம் உப்பி, கன்னம் பளபளக்கிறது. "பொம்பளை கிட்னி வேலை" என்கிறார் மாமியார்.
— வாசகி, ஆரணி

பதில்: ஸ்டீராய்டு மாத்திரை வேலை அம்மா. கிட்னியை உடம்பு தள்ளிவிடாமல் இருக்கக் கொடுப்பது. டாக்டர் டோஸைக் குறைக்கக் குறைக்க முகம் வடியும். நீங்களாக ஒரு மாத்திரையைக்கூட நிறுத்தாதீர்கள். மாமியாரிடம், அவர் இன்னும் காலையில் ஷேவ் செய்துகொண்டுதான் இருக்கிறார் என்று காட்டுங்கள்.